பெயர் கடைசியில்தான் வரும்

லைக்கன்களை இனம் பிரிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போன எனக்கு, என் ஆசிரியை முதலில் சொல்லிக்கொடுத்தது மரங்களை. ஓக், பீச், பிர்ச், ஹாலி, பைன் என்று ஒவ்வொன்றையும் இலையைப் பார்க்காமல் பட்டையைத் தொட்டே சொல்ல வேண்டும். நடுவில் பட்டைமேல் ஒட்டியிருக்கும் சாம்பல் திட்டு என்ன என்று கேட்டால் பதில் வராது. "எதன்மேல் வளர்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள். அது என்ன என்று அப்புறம் பார்ப்போம்" என்பார். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை அவர். வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் காட்டிலேயே லென்ஸும் கையுமாகக் கழித்தவர். அவசரப்படுத்தினால் நடையை இன்னும் குறைப்பார்.

இடம் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய நியூ ஃபாரஸ்ட். நான் வேலை பார்க்கும் சவுத்தாம்ப்டனிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம். 1079 வாக்கில் முதலாம் வில்லியம் மன்னர் மான் வேட்டைக்கென ஒதுக்கிய நிலம். 2005-இல் தேசியப் பூங்காவானது. காடு என்று பெயர் இருந்தாலும் அதில் பெரும்பரப்பு திறந்த வெளி. மணலும் சரளையும் கலந்த, சத்தற்ற, புளித்த மண். முழங்கால் உயரத்துக்கு ஊதாப்பூ பூக்கும் ஹெதர் புதர்கள், நடுநடுவே முள்ளும் மஞ்சள் பூவுமாகக் கோர்ஸ், அவற்றுக்கிடையே மேய்ந்துகொண்டிருக்கும் மட்டக்குதிரைகள். இந்த மாதிரி வெளியை இங்கே ஹீத் என்பார்கள். அதைத் தாண்டினால் பல நூறு வருஷம் நின்ற பீச், ஓக் மரங்களின் காடு. இரண்டு இடத்திலும் மண் அமிலத்தன்மை கொண்டது. அதனால்தான் ஒன்றைக் கற்க வந்தவர்கள் மற்றொன்றையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

லைக்கன் ஒற்றை உயிர் இல்லை; ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பாசி வெயிலில் உணவு தயாரிக்கும். பூஞ்சை வீடு கட்டிக் காவலிருக்கும். இதை 1867-இல் சுவிட்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அந்தக் காலத்துப் பெரிய லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். லைக்கனுக்கு வேர் கிடையாது. மழையில் வருவதும் காற்றில் வருவதும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கசிவதும்தான் அதற்குச் சாப்பாடு. ஆகவே பட்டையின் புளிப்பில் சிறு வித்தியாசம் இருந்தாலும் குடியேறும் இனங்கள் மாறிவிடும். பைன், பிர்ச் பட்டைகள் அதிக அமிலம். ஓக்கும் அமிலப் பக்கம்தான். ஆஷ், எல்ம் மரங்களின் பட்டை அவ்வளவு புளிப்பில்லை. ஒரே ஓக் மரத்தில்கூட மழைநீர் வழிந்தோடும் பக்கத்தில் ஒரு கூட்டம், மழையே படாத வெடிப்புக்குள் வேறொரு கூட்டம். அந்த வெடிப்புகளில்தான் மஞ்சள் பொடி கொட்டினாற்போல் கிரைசோத்ரிக்ஸ் காண்டலாரிஸ் கிடைக்கும். தள்ளி நின்று பார்த்தாலே கண்ணில் படுகிற மஞ்சள் அது.

மரம் தெரிந்த பிறகு லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும், கழுத்தில் கயிற்றோடு தொங்க வேண்டும். புதிதாக வருகிற எல்லோரும் லென்ஸைப் பொருளுக்குப் பக்கத்தில் பிடித்து, தலையைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். லென்ஸ் புருவத்தை ஒட்டி இருக்க வேண்டும். லைக்கன்தான் லென்ஸைத் தேடி வர வேண்டும், இல்லையென்றால் தலை மரத்தைத் தேடிப் போக வேண்டும். மூக்கு பட்டையில் இடிக்கும் நெருக்கத்தில் ஒரு புது உலகம் தெளியும். நிமிர்ந்து நின்றபோது வெறும் சாம்பல் பூச்சாகத் தெரிந்ததில் தட்டுகள், முளைகள், பொடிக் குவியல்கள், கறுப்பு மயிர்கள். இனப்பெயர்கள் எல்லாம் அந்த உருவங்களில்தான் ஒளிந்திருக்கின்றன.

பக்கத்துப் பக்கத்தில் வளரும் இரண்டு இனங்களை வைத்து அவர் அதைப் புரியவைத்தார். பார்மீலியா சாக்ஸடிலிஸ், பார்மீலியா சல்கேட்டா. இரண்டும் நீலம் கலந்த சாம்பல் நிறம், இலை மாதிரி படரும், மேலே வெள்ளை வலைக்கோடு ஓடும். சாக்ஸடிலிஸின் கோடுகளில் குட்டிக் குட்டி முளைகள் எழும்பியிருக்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். சல்கேட்டாவில் அதே கோடுகள் வெடித்து மாவு மாதிரி பொடி வெளிவரும். முளையும் பொடியும் ஒரே வேலையைச் செய்பவை: பூஞ்சையையும் பாசியையும் ஒன்றாகக் கட்டி அடுத்த மரத்துக்கு அனுப்பும் பொட்டலங்கள். ஆனால் முளையா பொடியா என்பது தெரிந்தால் இனம் தெரிந்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட பின் பாடநூலில் பாதிப் பக்கங்கள் எனக்குத் திறந்துகொண்டன.

எவெர்னியா புருனாஸ்ட்ரியும் ராமலினா ஃபாரினேசியாவும் அப்படித்தான். இரண்டும் கிளையிலிருந்து பட்டைப் பட்டையாகத் தொங்கும். எவெர்னியாவைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளை. ராமலினா இருபுறமும் ஒரே பச்சை, ஓரங்களில் முட்டை வடிவப் பொடித் திட்டுகள். உஸ்னியா என்றால் இழுத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய இழையை இரண்டு விரலால் பிடித்து நிதானமாக இழுத்தால் வெளித்தோல் வளையம் வளையமாக விண்டு, நடுவில் வெள்ளை நரம்பு ஒன்று ரப்பர் போல நீளும். வேறு எந்தத் தாடி லைக்கனிலும் இந்த நரம்பைப் பார்க்க முடியாது. ஹைபோஜிம்னியா ஃபைசோடஸின் மடல்களோ உள்ளே காலி. நுனி உதடு மாதிரி பிளந்து அடிப்பக்கத்தில் பொடி காட்டும். பிர்ச் கிளையிலும் ஹெதர் தண்டிலும் இது சர்வசாதாரணம்.

இதையெல்லாம் மரத்திலிருந்து பிய்க்கக் கூடாது. நியூ ஃபாரஸ்ட் பாதுகாக்கப்பட்ட நிலம், அனுமதி வேண்டும். குளிர்காலப் புயலுக்கு மறுநாள் போனால் உச்சிக்கிளைகள் தரையில் கிடக்கும். ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் வளர்ந்தவை காலடிக்கே வந்துவிடும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்றே சொல்வேன்.

கைக்கும் கண்ணுக்கும் பிறகு நாக்கு. பீச் மரத்தின் வழவழப்பான பட்டையில் சாம்பல் மேலோடும் அதன்மேல் வெண்பொடிப் புள்ளிகளுமாக லெப்ரா அமாரா படர்ந்திருக்கும். அதைப் போலவே இருக்கும் லெப்ரா அல்பெசன்ஸிடமிருந்து பிரிக்க ஒரு துளிப் பொடியை நாக்கு நுனியில் வைக்க வேண்டும். சில நொடி ஒன்றும் தெரியாது. பிறகு நிலவேம்புக் கஷாயம் குடித்த மாதிரி ஒரு கசப்பு ஏறி, துப்பிய பிறகும் போகாமல் நிற்கும். அதுதான் அமாரா. கசப்பில்லையென்றால் மற்றது. லைக்கன் எதையும் வாயில் வைக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை, நஞ்சுள்ளவையும் உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும்தான் ஆசிரியை எனக்கு அனுமதி கொடுத்தார்.

காட்டைவிட ஹீத்தில்தான் எனக்குப் பொறுமை அதிகம் தேவைப்பட்டது. அங்கே ஆட்சி செய்வது கிளாடோனியா என்ற ஒரே பேரினம். அதன் உடம்பு இரண்டு பகுதி. தரையில் படுத்திருக்கும் செதில்கள். அவற்றிலிருந்து எழும் உள்ளீடற்ற காம்புகள். காம்பு சிலவற்றில் கோப்பையாக விரியும், சிலவற்றில் கூராக முடியும், சிலவற்றில் புதராகக் கிளைக்கும். மண்டியிட்டு, சில நேரம் ஈர மண்ணில் குப்புறப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். காம்பின் உச்சியில் ரத்தச் சிவப்பாகத் தலை வைத்திருப்பது கிளாடோனியா ஃப்ளோர்க்கியானா. தீக்குச்சி அளவுகூட இருக்காது, ஆனால் பழுப்புப் புதருக்குள் அந்தச் சிவப்பு தனியாகக் கூப்பிடும். புதராகக் கிளைத்து, பந்து பந்தாக உருண்டிருக்கும் சாம்பல்வெள்ளை கிளாடோனியா போர்ட்டென்டோசா. அதன் கிளையை லென்ஸில் பார்த்தால் தோலே இல்லாமல் பஞ்சு உரித்த மாதிரி இருக்கும். கிளை பெரும்பாலும் மூன்று மூன்றாகப் பிரியும். பக்கத்திலேயே வளரும் கிளாடோனியா அன்சியாலிஸ் மழமழவென்று பளபளக்கும், கிளை பிரியும் இடத்தில் ஓட்டை திறந்திருக்கும். கண் பழகாதவருக்கு இரண்டும் ஒன்று. பழகிவிட்டால் குழம்பவே முடியாது.

மழைநாளில் போனால் கதை வேறு. நனைந்ததும் மேல்தோல் கண்ணாடியாகி உள்ளிருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். வெயிலில் சாம்பலாக, மொறுமொறுவென்று உடைந்தது, ஈரத்தில் பச்சையாக, ரப்பராக வளையும். இரண்டு நிலையிலும் ஒன்றை அடையாளம் சொல்ல முடிந்தால்தான் தெரியும் என்று கணக்கு. அதற்கென்றே ஆசிரியையின் பையில் தண்ணீர் தெளிக்கும் சின்னப் புட்டி ஒன்று இருக்கும்.

ஹீத்துக்கு வயது உண்டு என்பதையும் லைக்கன்கள்தான் எனக்குக் காட்டின. ஹெதர் செடி ஏறக்குறைய முப்பது, நாற்பது வருஷம் வாழும். இளமையில் அடர்ந்து நின்று தரைக்கு வெளிச்சமே விடாது. முதுமையில் நடுக்கிளைகள் சாய்ந்து நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் வெளிச்சம் இறங்கியதும் கிளாடோனியாக்கள் குடியேறும். இந்தச் சுழற்சியை ஏ. எஸ். வாட் என்ற தாவரவியலாளர் 1947-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். இங்கே இன்னொன்றும் சேர்கிறது. முதிர்ந்த புதர்களைக் குளிர்காலத்தில் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்தி எரிப்பார்கள். குதிரைகளுக்குப் புதுத்தளிர் கிடைக்கும். எரிந்த கறுப்பு மண்ணில் முதலில் வருவது ட்ரேபெலியாப்சிஸ் கிரானுலோசா போன்ற மேலோட்டு இனங்கள். பிறகு கிளாடோனியாச் செதில்கள், பிறகு கோப்பைகள், சிவப்புத் தலைகள். போர்ட்டென்டோசாவின் வெள்ளைப் பந்துகள் கடைசியில்தான். ஒரு வெளியின் நடுவே நின்று, "இங்கே நெருப்பு வந்து எத்தனை காலம் இருக்கும்?" என்று ஆசிரியை கேட்பார். கீழே பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கண்ணால் தீராதவற்றுக்கு ரசாயனம். இந்த வழியை 1866-இல் தொடங்கிவைத்தவர் பின்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைலாண்டர். ஷ்வெண்டனரின் கூட்டுவாழ்வுக் கருத்தைக் கடைசிவரை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் கொடுத்த இரண்டு சொட்டுகள் இன்றைக்கும் எங்கள் பையில் இருக்கின்றன. ஒன்று பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, குறிப்பேட்டில் கே. மற்றொன்று சாதாரண வீட்டு பிளீச், சி. வாசனை சேர்க்காத, தண்ணீராக ஓடும் பிளீச்தான் ஆகும். அதுவும் நாள்பட்டால் வீரியம் போய்விடும் என்பதால், தெரிந்த இனம் ஒன்றில் முதலில் சோதிப்போம். புன்க்டேலியாவின் வெள்ளை உட்பகுதியில் ஒரு சொட்டு வைத்தால் சிவக்க வேண்டும். சிவக்கவில்லையென்றால் அன்று சி சோதனையே கிடையாது. பிற்காலத்தில் ஜப்பானியரான யசுஹிகோ அசஹினா சேர்த்த பி என்ற மூன்றாவது மருந்தும் இருக்கிறது. நச்சுத்தன்மை உள்ளது. ஆசிரியை அதைக் காட்டுக்குக் கொண்டுவர மாட்டார். வீட்டு மேசையில், கையுறை போட்டுத்தான்.

சொட்டு வைப்பதே ஒரு கைவேலை. பார்மீலியா சாக்ஸடிலிஸின் மேல்தோலைச் சவர பிளேடின் முனையால் ஒரு கடுகளவு சீவி எடுக்க வேண்டும், பாசி அடுக்கையும் தாண்டி உள்ளே வெள்ளை தெரியும்வரை. ஆழம் கூடினால் அடித்தோலில் இறங்கிவிடும். பல்குச்சியின் நுனியைக் கே-யில் தொட்டு, அந்த வெள்ளையில் வைத்துவிட்டு லென்ஸை நகர்த்தாமல் காத்திருக்க வேண்டும். முதலில் மஞ்சள் ஊறும். அது ஆரஞ்சாகும். ஒரு நிமிஷத்துக்குள் ரத்தச் சிவப்பு. சலாசினிக் அமிலம் இருப்பதற்கு அது சாட்சி. பிளீச் சோதனையில் இவ்வளவு அவகாசம் கிடைக்காது. ட்ரேபெலியாப்சிஸில் வரும் சிவப்பு கண் சிமிட்டுவதற்குள் வெளுத்துப்போகும். சொட்டு விழும் நொடியிலேயே கண் அங்கே இருக்க வேண்டும்.

எல்லாச் சோதனைகளிலும் என் மனதுக்கு நெருக்கமானது ஈரமான ஹீத்தில் வளரும் கிளாடோனியா ஸ்ட்ரெப்சிலிஸ். பார்க்க ஒன்றுமில்லை. பழுப்புப் பச்சைச் செதில்கள் நெருங்கிய சிறு மெத்தை, காம்புகூட அரிதாகத்தான் வரும். பிளீச் சொட்டினால் அந்த இடம் பச்சையாக மாறும். வேறு இனங்கள் சிவக்கும், மஞ்சளாகும், அல்லது ஒன்றும் ஆகாது. பச்சையாக மாறும் இந்தச் செதிலைப் பார்த்த நாளில் ஆசிரியை தன் லென்ஸையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டார். எத்தனையோ முறை பார்த்தவர். இருந்தும் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஓக் கிளைகளில் ஒரு நாள் அகன்ற, அலையலையான மடல்கள் கொண்ட சாம்பல் இனம் ஒன்று கிடைத்தது. ஓரங்களில் பொடி, அங்கங்கே கறுப்பு மயிர், அடிப்பக்கம் கறுப்பு, விளிம்பு மட்டும் பழுப்பு. பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்று முடிவாயிற்று. செட்டிநாட்டுக் குழம்புக்கு எண்ணெயில் தாளித்துப் போடுகிற கல்பாசியில் முக்கியமான இனம் அதுதான். கடைப் பொட்டலத்தில் அதன் உறவினங்களும் கலந்திருக்கும். என் அஞ்சறைப் பெட்டியில் காய்ந்து சுருண்டு கிடப்பது இங்கே உயிரோடு கிளையை அணைத்துக்கொண்டிருந்தது. மரத்தில் இருக்கும்போது எனக்கு அந்த வாசனை தட்டுப்படவில்லை. சூடான எண்ணெயில் விழுந்தால்தான் அது எழும். அதே ஓக்கில் அதன் சாயலில் இன்னொன்றும் இருந்தது: பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம். மேலே நூல் வலை போல் வெடிப்பு ஓடும். கே சொட்டினால் கல்பாசியின் உட்பகுதி மஞ்சளோடு நிற்கும், ரெட்டிகுலேட்டம் மஞ்சளாகிச் சிவந்துவிடும். சமையல் பொருளாக மட்டும் அறிந்திருந்த ஒன்றை எதன் உறவு, எதில் வேறுபடும் என்று அன்றைக்குத்தான் முழுதாக அறிந்தேன். அடுத்த முறை ஆசிரியைக்கு ஒரு பொட்டலம் கல்பாசி எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைச் சமைக்கவில்லை, தண்ணீரில் ஊறவைத்து லென்ஸில் பிரித்து, இனவாரியாக அடுக்கிவைத்தார்.

பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பிர்ச் கிளைகளை. கந்தகப் புகை மிகுந்திருந்த காலத்தில் இங்கிலாந்தின் நகர்ப்புற மரங்களில் லெக்கனோரா கோனிசியாய்டிஸ் என்ற பச்சைச் சாம்பல் மேலோடு ஒன்றுதான் செழித்தது. 1970-இல் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ஃபிரான்சிஸ் ரோஸும் எந்தெந்த லைக்கன் இருக்கிறது என்பதை வைத்தே காற்றில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு என்று மதிப்பிடும் அளவுகோலை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். புகை குறைந்ததும் அந்த மேலோடும் அருகிவிட்டது. இப்போதைய தொல்லை அமோனியா. பண்ணைகளிலிருந்து எழும் அமோனியா பட்டையின் புளிப்பைத் தணிக்கிறது. அமிலத்தை நம்பி வாழ்ந்த உஸ்னியா, எவெர்னியா, ஹைபோஜிம்னியா பின்வாங்க, ஆரஞ்சு மஞ்சள் சாந்தோரியாவும் ஃபைசியாவும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர், மரம் நிறைய லைக்கன் இருக்கிறதே, காற்று சுத்தம் என்று மகிழ்ந்துவிட்டுப் போவார். எந்த லைக்கன் என்று தெரிந்தவருக்கு வயிறு கலங்கும்.

அதே ஃபிரான்சிஸ் ரோஸ்தான் நியூ ஃபாரஸ்டின் பழைய மரங்களை அலைந்து அலைந்து பதிவுசெய்தவர். மரத்தொடர்ச்சி அறுபடாத காடுகளில் மட்டுமே தங்கும் 30 இனங்களைத் தேர்ந்து, 1976-இல் ஒரு குறியீட்டுப் பட்டியலாக்கினார். நுரையீரல் போலப் பள்ளமும் மேடுமான பெரிய மடல்கள் கொண்ட லோபேரியா பல்மொனேரியா அதில் ஒன்று. வழவழப்பான பீச்சிலும் ஹாலியிலும் குட்டி எரிமலை வாய்களாகத் திறந்திருக்கும் தெலோட்ரீமா லெபாடினம் இன்னொன்று. மார்க் ஆஷ் வுட் போன்ற காடுகளில் ஒரு முதிய பீச் விழுந்தால் ஆசிரியை முதலில் பார்ப்பது பக்கத்தில் அதே இனத்தில் நடுத்தர வயது மரம் இருக்கிறதா என்பதை. இல்லையென்றால் அந்த லைக்கனுக்குப் போக இடமில்லை. இந்தக் கணக்கு ஒரு மனித ஆயுளுக்குள் அடங்காது. ஆனாலும் யாராவது வைத்திருக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் பிடிபடாதவை கோப்பைக் கிளாடோனியாக்கள். கோப்பைக்குள் மாவுபோல் பொடி இருந்தால் ஃபிம்ப்ரியேட்டா. சொரசொரப்பான குறுணையும் செதிலுமாக இருந்தால் பிக்ஸிடேட்டா. இரண்டுக்கும் நடுவில், பொடியுமில்லாமல் குறுணையுமில்லாமல் நிற்பது குளோரோஃபேயா குழு. அந்தக் குழுவில் கிரேயி, மெரோகுளோரோஃபேயா, கிரிப்டோகுளோரோஃபேயா என்று பல. வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது, உள்ளிருக்கும் அமிலங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சொட்டு மருந்துக்கும் அவை அடங்காது. அதனால் அனுமதியோடு எடுத்த சிறு துண்டுகளை ஏ4 தாளில் மடித்த பொட்டலங்களில் போட்டு, மேலே குழுவின் பெயரை மட்டும் எழுதி அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்திருக்கிறேன். இனப்பெயருக்கான கோடு காலியாக இருக்கிறது. ஊகித்து எழுதிய பெயர் எழுதாமல் விட்டதைவிடக் கெடுதல் என்பது ஆசிரியையின் பிடிவாதம், இப்போது என்னுடையதும்.

வசந்தம் வந்ததும் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவற்றைச் சோதிக்க ஏற்பாடாகியிருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் அசிட்டோனில் ஊறவைத்து, சாற்றைச் சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் புள்ளி வைக்க வேண்டும். கரைப்பான் மேலேறும்போது அமிலங்கள் தனித்தனி உயரத்தில் பிரிந்து நிற்கும். கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் அவை நிறம் காட்டும். தகட்டில் புள்ளி வைக்கக் கை நடுங்கக் கூடாது என்பதற்காக, மெல்லிய கண்ணாடிக் குழாயில் மை எடுத்து வெறும் தாளில் வரிசையாகப் புள்ளி வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.